ஏழாம் நம்பர் குலை

தனேஸ்வரிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று புக்கிட் ரோத்தானில் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. மூக்கு நுனியில் இருந்தால் ஒரு தும்மலில் போய்விடும். அவளுடைய கோபம் காலை ஏழு மணிக்கு அவள் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறி மில்லுக்கு வரும், மாலையில் அவளோடு வீட்டுக்குப் போகும். பத்தொன்பது வருடமாக அது ஒரு நாள்கூட எம்சி என்று மருத்துவ லீவு எடுத்ததில்லை.

செம்பனை எண்ணெய் மில்லில் அவளுக்குக் குலை தரம் பார்க்கிற வேலை. ஜெராம், சுங்கை செம்பிலாங் பக்கத்துச் சின்னத் தோட்டங்களிலிருந்தும் பெரிய எஸ்டேட்டுகளிலிருந்தும் லோரிகள் வந்து மில் வாசலில் எடை போட்டுவிட்டு, ராம்பு என்கிற அந்தச் சிமெண்டு மேட்டில் குலைகளைக் கொட்டும். கொட்டியதிலிருந்து நூறு குலையைப் புரட்டிப் பார்த்து, எத்தனை பழுத்தது, எத்தனை மூடா, எத்தனை அழுகல், எத்தனைக்குக் காம்பு நீளம் என்று அவள் தாளில் எழுத வேண்டும். மூடா என்றால் பழுக்காத காய். நூற்றில் இத்தனை மூடா என்று அவள் எழுதினால் அதற்குத் தக்கபடி விலையில் வெட்டு விழும். டிரைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காலி லோரியோடு போக வேண்டும். இப்படிப்பட்ட வேலை பார்க்கிறவளை யார் தங்கமே, வைரமே என்று கொஞ்சுவார்கள்? ராம்பில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர்களில் பாதியை இங்கே எழுத முடியாது.

ஆனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மில் போட்ட சட்டமில்லை, அவளே போட்டது. டிரைவர் வண்டியை விட்டு இறங்கி வந்து, அவள் ஒதுக்கி வைத்த ஒவ்வொரு குலையையும் தன் கண்ணால் பார்க்க வேண்டும். பார்க்காதவனுக்குப் பேனா கிடையாது. "இது மூடா இல்லக்கா" என்று எவனாவது சொன்னால், கோடாலியை எடுத்துக் குலையைப் பிளப்பாள். பழத்தைக் கத்தியால் கீறி உள்ளே காட்டுவாள். சதை ஆரஞ்சு நிறமாக, நகத்தால் கீறினால் எண்ணெய் ஒட்டுகிற மாதிரி இருந்தால் பழம். வெளிறிய மஞ்சளாக இருந்தால் மூடா. சில தடவை அவளே தோற்றுப்போவாள். நிழலில் காய்த்த குலை மேலே கறுப்பாகவும் உள்ளே பழுத்தும் இருக்கும். அப்போது தாளில் அடித்து எழுதி, "என் தப்பு, போ" என்பாள். மன்னிப்புக் கேட்கிற குரலாக அது இருக்காது, அடிக்க வருகிற குரலாகத்தான் இருக்கும். இருந்தாலும் அடித்து எழுதுவாள்.

இதனால் ராம்பில் தினமும் சண்டைதான். அதிலும் செல்லன் என்கிற ஜெராம் டிரைவர் வந்தால் மில்லுக்கே காது அடைத்துப் போகும். குலையைக் காலால் உதைப்பார், தொப்பியைக் கழற்றி அடிப்பார், "உனக்குக் கண்ணு இருக்கா இல்ல ரெண்டு கோலிக்குண்டா?" என்று கேட்பார். அவள் பதிலுக்குக் கோடாலியை அவர் கையில் கொடுத்து, "நீயே வெட்டிப் பாருண்ணே" என்பாள். வெட்டிப் பார்ப்பார். முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்றால் அவளுடைய அப்பாவிடமிருந்து. அவர் எஸ்டேட்டில் குலை வெட்டினார். வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவரும் தன் நம்பரைக் குலையின் காம்பில் எழுதி வைக்க வேண்டும். மாலையில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் மேட்டில் நின்றுகொண்டு, "இருபத்தேழு, மூடா நாலு" என்று கத்துவான். இருபத்தேழு என்பது அப்பா. எந்த நாலு, எங்கே இருக்கிறது, காட்டு என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. சம்பளத்தில் போகும், லயத்துக்கு வந்து பேசாமல் சாப்பிடுவார். கேட்காத அப்பா மீதும் காட்டாத மண்டோர் மீதும் அவளுக்குச் சரிசமமாகக் கோபம் இருந்தது. இருவரும் செத்துப்போய் வருடக்கணக்காகியும் கோபம் மட்டும் சாகவில்லை.

சென்ற வருடம் அரசாங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி புனிதன்தான் அதைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார். இனிமேல் சான்றிதழ் இல்லாதவர்கள் குலை தரம் பார்க்கக்கூடாதாம். பரீட்சை எழுத வேண்டுமாம்.

"பத்தொம்பது வருசமா நான் என்னா கண்ண மூடிக்கிட்டா பாத்தேன்?" என்றாள் தனேஸ்வரி.

"நான் என்னா செய்ய? ரூல் அப்பிடி" என்றார் புனிதன். "பாஸ் பண்ணலன்னா உதிரிப் பழம் கூட்டப் போகச் சொல்லிட்டாரு மேனேஜர். சொல்லிட்டேன், அப்புறம் என்னைக் கேக்காத."

உதிரிப் பழம் கூட்டுவது என்றால், கொட்டிய இடத்தில் சிதறிக் கிடக்கும் பழங்களைத் துடைப்பத்தால் கூட்டி அள்ளுவது. கேவலமான வேலை இல்லை. பத்து வயதில் அவள் எஸ்டேட்டில் பொறுக்கிய பழம்தான். ஆனால் துடைப்பம் பிடித்தவளுக்கு ராம்பில் வாய் கிடையாது. அதுதான் அவளுக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை, சுங்கை பெசாரில் ஒரு மண்டபத்தில். ஐம்பது பேர் போல வந்திருந்தார்கள். முக்கால்வாசி இளசுகள், இஸ்திரி கலையாத சட்டையோடு. அவள் பூட்ஸோடு போயிருந்தாள். காலையில் எழுத்துப் பரீட்சை, மலாய் மொழியில். ஃபாரம் மூன்று வரை படித்ததை வைத்து எப்படியோ சமாளித்துவிட்டாள். பிற்பகலில் செய்முறை. நீலக் கித்தான் விரித்து இருபது குலைகளை வரிசையாக வைத்து, முன்னால் ஒன்று, இரண்டு என்று அட்டை வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் பழமா, அரைப்பழமா, மூடாவா என்று எழுத வேண்டும். தொடக்கூடாது. பேசக்கூடாது.

தொடாமல் என்ன பார்ப்பது? கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனால்கூட ஒரு வார்த்தை பேச விடுவார்கள். தனேஸ்வரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து பார்த்து எழுதினாள். ஏழாம் நம்பர் குலை முன்னால் வந்ததும் நின்றாள். பழம் உதிர்ந்த குழிகள் பத்துப் பதினைந்து தெரிந்தன. புத்தகத்தின்படி பத்துக் குழி இருந்தால் அது பழுத்த குலை. ஆனால் காம்பின் வெட்டுவாய் காய்ந்து கறுத்திருந்தது. மீதிக் காய்களில் சிவப்பே இல்லை. மரத்தில் பழுத்து உதிர்ந்த குழி அல்ல அது. காயாக வெட்டித் தரையில் போட்டு, வாடி உதிர்ந்த குழி. மூடா என்று எழுதினாள். பதினொன்றும் பதினாறும் அதே கதை. மூடா, மூடா.

மாலை நாலரைக்கு மார்க்கு வாசித்தார்கள். செய்முறையில் பாஸாக இருபதுக்குப் பதினெட்டு வேண்டும். தனேஸ்வரிக்குப் பதினேழு.

அவள் நேராகப் பரீட்சை அதிகாரியிடம் போனாள். முப்பது வயதிருக்கும், மரியாதையான பையன், மலாயில் அக்கா என்று பொருள்படும் "காக்" என்றுதான் கூப்பிட்டான். அவன் சரியான விடைகள் எழுதிய விடைத்தாளைக் காட்டினான். ஏழு, பதினொன்று, பதினாறு: மூன்றும் பழுத்தவை.

"இந்தக் குலை எப்ப வெட்டினது?" என்று மலாயில் கேட்டாள்.

"வியாழக்கிழமை. எஸ்டேட்டிலிருந்து அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டோம்."

"இந்த விடையை எப்ப எழுதினீங்க?"

"இன்று காலையில்."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. வியாழக்கிழமை வெட்டிய காய் சனிக்கிழமை உதிராமல் என்ன செய்யும்? இரண்டு ராத்திரி கித்தானில் கிடந்து உதிர்ந்ததை எண்ணிப் பழம் என்று எழுதியிருக்கிறார்கள், படித்த மகராசன்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே என்னடா என்றால் ஏட்டுச் சுரைக்காய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தோட்டத்துச் சுரைக்காய்க்கு மார்க்கு போடுகிறது.

"வெட்டிப் பாருங்க" என்றாள்.

"அப்படி வழக்கமில்லை, காக்."

அவள் பையிலிருந்து சின்னக் கத்தியை எடுத்தாள். யாரும் தடுப்பதற்குள் ஏழாம் நம்பர் குலையிலிருந்து ஒரு காயைப் பிடுங்கிக் கீறி அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். உள்ளே வெளிறிய மஞ்சள். நகத்தால் சுரண்டிக் காட்டினாள், ஒரு பொட்டு எண்ணெய் இல்லை.

பையன் பார்த்தான். தன் நகத்தாலும் ஒரு தடவை சுரண்டிப் பார்த்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "நீங்கள் சொல்வது சரி, காக். இது பழுக்காததுதான்."

"அப்ப மாத்துங்க."

"எப்படி மாற்றுவது? இந்த மூன்றையும் பழம் என்று எழுதித்தான் நாற்பது பேர் பாஸாகியிருக்கிறார்கள். உங்களுக்கு மாற்றினால் அவர்கள் எல்லாரும் ஃபெயில். விடைத்தாளில் கையெழுத்தும் ஆகிவிட்டது." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். "இரண்டு மாதத்தில் மறுபடி பரீட்சை இருக்கிறது. வாருங்கள்."

தெரியாதவன் தப்பு செய்தால் கோபித்துக்கொள்ளலாம், சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்துகொண்டு, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அதே தப்பைக் கோப்பில் வைத்துக் கட்டுகிறவனை என்ன செய்வது? சுங்கை பெசாரிலிருந்து வீடு வரும்வரை மோட்டார் சைக்கிளில் அவள் தனக்குத்தானே கத்திக்கொண்டு வந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் இருந்த நெல் வயல்கள் அதைக் கேட்டன, வேறு நாதியில்லை.

அவள் கணவன் ரவீந்திரன் டயர் கடையில் வேலை செய்கிறவன், நல்லவன், சண்டை பிடிக்காதவன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்குப் போயி ஏன் தனேசு மண்டைய ஒடைச்சிக்கிற? அடுத்த தடவ அவங்களுக்கு என்னா வேணுமோ அத எழுதிட்டு வந்திரு லா" என்றான்.

அவள் சோற்றுத் தட்டை அவன் முன்னால் வைத்த வேகத்தில் குழம்பு அவன் சட்டையில் தெறித்தது. "மூடாவ பழம்னு எழுதச் சொல்றியா? அதுக்கு என் கண்ண நோண்டிக் குடுத்திர்லாம்."

திங்கட்கிழமை அவள் கையில் துடைப்பம் கொடுத்தார்கள். ராம்பில் பேனா பிடிக்க, இடைக்கால ஏற்பாடாக, புனிதனே வந்தார். அவர் சில வருடங்களுக்கு முன்பு ஒரு குறுகிய பயிற்சிக்குப் போய் ஏதோ ஒரு சான்றிதழ் வாங்கி வைத்திருந்தார். ஆபீஸ் ஏர்கண்டிஷனிலிருந்து வந்த மனிதர், வெயிலில் ஐந்து நிமிடம் நின்றாலே முகம் வெந்துவிடும். நிழலில் நின்றுகொண்டு தூரத்திலிருந்தே பேனாவால் சுட்டிச் சுட்டி எண்ணுவார். கறுப்பாகத் தெரிந்ததெல்லாம் மூடா. டிரைவர்களை இறங்கச் சொல்வதில்லை. தாளை ஜன்னலில் நீட்டுவார், கையெழுத்து வாங்குவார், அடுத்த லோரி.

கீழே துடைப்பத்தோடு நின்ற தனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்றாவது வாரம் செல்லன் ஒரு லோடு கொண்டுவந்தார், சுங்கை செம்பிலாங் பக்கத்துக் கிழட்டு மரங்களின் குலை. மட்டைகளுக்கு நடுவில் வெயில் படாமல் பழுத்தது, மேலே கருகருவென்று இருக்கும். புனிதன் நூற்றுக்குப் பதினெட்டு மூடா என்று எழுதினார்.

"புனிதண்ணே, அது உள்ள பழம்!" என்று கீழிருந்து கத்தினாள். "மரத்து வயசப் பாருங்க! ஒண்ணு வெட்டிப் பாருங்க!"

"நீ ஓன் வேலையப் பாரு" என்றார் புனிதன், திரும்பிக்கூடப் பார்க்காமல். "பாஸ் பண்ணாதவ பேச்ச எழுதி நான் மேனேஜர்கிட்ட மாட்டணுமா?"

செல்லன் அன்றைக்கு உதைக்கவில்லை, தொப்பியைக் கழற்றவில்லை. தாளையும் தனேஸ்வரியையும் மாறி மாறிப் பார்த்தார். நீ சொல்வது சரியா, அவர் சொல்வது சரியா என்று கேட்கிற பார்வை. துடைப்பத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்தத் தோட்டக்காரர்கள் யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. பழுத்த பழத்தை வெட்டி அனுப்பிவிட்டுக் காயை வெட்டினோம் என்ற பெயரோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து குளிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ரவீந்திரன் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தான். "போறேன்" என்றாள். "அவனுங்க கேக்கிறதயே எழுதித் தொலைக்கிறேன்." அவன் சந்தோஷப்பட்டான். அதற்காகவும் அவன் மேல் கோபம் வந்தது.

இரண்டாவது பரீட்சை. அதே மண்டபம், அதே நீலக் கித்தான், அதே மரியாதையான பையன். இருபது குலை. காம்பு காய்ந்து கறுத்ததைப் பார்த்ததுமே தெரிந்தது, இதுவும் இரண்டு ராத்திரி கிடந்ததுதான். அவள் சொன்ன சொல் செவிடன் காதில் ஊதிய சங்கு. பேனாவை எடுத்தாள். நாலாம் நம்பர், மூடா. பழம் என்று எழுதினாள். ஒன்பது, அப்பட்டமான மூடா, பழம். பதினேழு முன்னால் நின்றபோது கை வரவில்லை. பின்னால் நின்றவன் செருமினான். பழம் என்று எழுதினாள்.

இருபதுக்கு இருபது. அன்றைக்கு முழு மார்க்கு வாங்கியது அவள் ஒருத்திதான். பெயரைச் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டார்கள், கைதட்டினார்கள். சான்றிதழைக் கொடுத்தது அந்தப் பையன்தான். போட்டோவுக்காக இருவரும் சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அவன் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான், அவள் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். சிரியுங்கள் என்றார் போட்டோ எடுத்தவர்.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வட்டாரத்திலேயே முழு மார்க்கு வாங்கிய ஆள் நம் மில்லில்தான் என்று அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி ராம்பின் தூணில் மாட்டச் சொன்னார். புனிதன் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "நான் அப்பவே சொன்னேன்ல, நீ பாஸ் பண்ணிருவன்னு" என்றார். அவர் அப்படிச் சொன்னதே இல்லை.

முதல் நாள், முதல் லோரி செல்லனுடையது. கொட்டினார். தனேஸ்வரி கொக்கியைப் போட்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள், முட்டி போட்டு அடியில் பார்த்தாள், நூறும் முடிய அரை மணி நேரம் ஆனது. ஒன்பது மூடா. ஒன்பதையும் வரிசையாக ஒதுக்கி வைத்துவிட்டு, கோடாலியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, சண்டைக்குத் தயாராகத் தாளோடு வந்தாள். சொன்னால் நம்பமாட்டீர்கள், இந்தச் சண்டைக்காக அவள் இரண்டு மாதமாக ஏங்கிப் போயிருந்தாள்.

"எறங்குண்ணே. ஒம்போது மூடா."

செல்லன் இறங்கவில்லை. தூணில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். "குடுக்கா, போட்டுர்றேன்."

"வந்து பாரு மொதல்ல."

"என்னாத்தப் பாக்குறது? இருபதுக்கு இருபது எடுத்தவ. எங்க வீட்டுல கூட ஒன்னப் பத்தித்தான் பேச்சு." அவர் மனதாரச் சொன்னார். அவ்வளவு வருடத்தில் அவர் அவளை மெச்சியது அதுவே முதல் தடவை. "படிச்சவங்களே ஓங் கண்ணுதான் கண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே நான் யாரு லா ஓங்கூட சண்ட போட?"

சட்டைப் பையிலிருந்து தன் பேனாவையே எடுத்தார். அவள் கையிலிருந்த தாளை மெல்ல உருவி, ஸ்டீரிங் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

தனேஸ்வரி லோரியின் கதவைப் பிடித்து இழுத்தாள். "எறங்குயா! வந்து பாரு! ஒண்ணு ஒண்ணா வெட்டிக் காட்டறேன்! ஒம்போதுல நான் ரெண்டு தப்பாப் பாத்திருந்தா? யாரு சொல்லுவா எனக்கு?"

"நீ தப்பாப் பாக்க மாட்டக்கா."

"அந்தப் பரீட்சையில மூணு பொய் எழுதினேண்ணே! மூடாவ பழம்னு எழுதினேன்! அதுக்குத்தான் குடுத்தானுங்க அந்த மார்க்கு!"

செல்லன் சிரித்தார். தனேஸ்வரி கிண்டல் பண்ணிக்கூட அவர் பார்த்ததில்லை, பாஸான சந்தோஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். "நீயாவது பொய் சொல்றதாவது" என்று கதவை மெதுவாக அவள் பிடியிலிருந்து இழுத்துச் சாத்தினார். பின்னால் மூன்று லோரிகள் ஹாரன் அடித்தன. அவர் காலி வண்டியை எடை போட ஓட்டிக்கொண்டு போனார்.

ஒன்பது குலையும் வெயிலில் வரிசையாகக் கிடந்தன. அடுத்த லோரி வந்து கொட்டியது. அவள் குனிந்து எண்ண ஆரம்பிப்பதற்குள், அதன் டிரைவர் சீட்டில் சாய்ந்தபடி, தாளுக்காக ஜன்னல் வழியே கையை நீட்டினான்.